தூசிப் பையைத் திருப்பிக் கொடுத்தவர்

மதுரையில் மெஷின் சாமான் விற்கிற கடை ஒன்றில் ‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது’ என்று பலகை எழுதித் தொங்கவிட்டதே இவரால்தான் என்று எங்கள் பட்டறையில் சொல்வார்கள். இருக்கும். அந்தப் பலகையை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு நேர் கீழே நின்று இவர் வாதாடியதையும் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் விரலை நீட்டிப் பலகையைக் காட்டினால், இவர் நிமிர்ந்து எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்துவிட்டு, “எழுத்து நல்லாருக்குண்ணே, யாரு எழுதினது?” என்று கேட்பார். கேட்டுக்கொண்டே பொட்டலத்தைப் பிரிப்பார்.

கொடைக்கானல் பஜாரை விட்டு இறங்கி, பெருமாள்மலை போகிற ரோட்டில் தகரக் கூரை போட்ட தச்சுப் பட்டறை ஒன்று இருந்தது. அதன் முதலாளி இவர். ராவுத்தர். எங்களுக்கெல்லாம் ராவுத்தரண்ணன். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, நானும் இப்போது சொல்லப்போவதில்லை. வெயிலடித்தாலும் கம்பளிக் கோட்டு, கழுத்தைச் சுற்றி மப்ளர், கக்கத்தில் ஒரு பொட்டலம். அது வாங்கி வந்த சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்கப் போகிற சாமான். காலை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்பே கேட்பார்: “என்ன பாய், இன்னிக்கி என்ன திரும்புது?”

இவர் திருப்பாத சாமான் கிடையாது. குடை வாங்கினார். எங்கள் ஊர் மழை மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் பெய்தது குடையின் குற்றமாகிவிட்டது. திருப்பினார். அலாரம் கடிகாரம் வாங்கினார். “நான் எந்திரிச்ச பெறகுதான் அது எந்திரிக்குது. அத எழுப்ப நான் ஒரு ஆளா?” என்று திருப்பினார். ஒருதரம் பழனிக்கு பெஞ்சுகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தபோது, பட்டறை ஆட்களுக்கென்று பஞ்சாமிர்த டப்பாக்கள் வாங்கி வந்தார். நாங்கள் வழித்து நக்கிக்கொண்டிருக்கிறோம், இவர் ஒரு டப்பாவைச் சாய்த்துப் பார்க்கிறார். “என்னப்பா இது, தண்ணியா ஓடுது? பேரிச்சம்பழத்தயே காணோம்!” அடுத்த தடவை போனபோது மிச்ச டப்பாக்களோடு கடை வாசலில் போய் நின்றுவிட்டார். கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். “சாமி பிரசாதத்த யாராச்சும் திருப்புவாங்களா பாய்?” என்றாராம். “சாமிகிட்ட நான் ஒண்ணும் திருப்பலீங்க. ஒங்ககிட்டதான் திருப்புறேன். நீங்கதானே கிண்டினீங்க?” என்று சொல்லி வேறு டப்பாக்கள் வாங்கிக்கொண்டுதான் வந்தார். அவை கெட்டியாக இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கஞ்சத்தனம் என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. காசைத் திருப்பி வாங்கமாட்டார். “காசு வேணாம், நல்லதாக் குடுங்க” என்பதுதான் பேச்சு. மலையில் ஏறி இறங்குகிற செலவுக்கு இன்னொரு சாமானே வாங்கிவிடலாம். எனக்குப் பொறுக்கவில்லை, ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஏண்ணே, புடிக்கலேன்னா மூலையில போட்டுட்டு வேற சோலியப் பாக்க வேண்டியதுதானே?”

“மூலையில போட்டுட்டா வித்தவனுக்கு எப்படித் தெரியும்? நல்ல சாமானத்தான் குடுத்தோம்னு நெனச்சிட்டு நிம்மதியாத் தூங்குவான்ல?”

வித்தவன் தூங்கக் கூடாது. அதற்காக இவர் தூங்கவில்லை. அவருடைய மனைவியை நாங்கள் மதினி என்போம். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. டீ கொண்டுவரும்போது எங்களிடம் சொல்லும்: “என்னயுந்தான் அனுப்பியிருப்பாரு. என்னப் பெத்த அத்தா கடயச் சாத்திட்டுப் போயிச் சேந்துட்டாருல்ல, யாருகிட்டத் திருப்புறது?” இவர் டீயை ஊதிக்கொண்டே சிரிப்பார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு திருப்பலில்தான். என் அண்ணன் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழக் கடை வைத்திருந்தான். இவர் ஒரு தாரைத் திருப்ப வந்தார். வேறு தார் மாற்றிக் கொடுத்த கையோடு அண்ணன், “மேல எந்தங்கச்சி இருக்கா பாய். அவ வீட்டுக்காரரு மரம் எறக்கும்போது இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டாரு. ரெண்டு புள்ளைக. ஒரு வேல குடுங்க” என்று கேட்டிருக்கிறான். அடுத்த வாரமே நான் பட்டறையில். மாசிலாமணி என்று தலைமைத் தச்சன் ஒருவன், வாய் சும்மா இருக்காது. “தாரோட எனாமா வந்தவ” என்று எனக்குப் பெயர் வைத்தான். ரோசு என்ற என் பெயரை அவன் ஒழுங்காகச் சொன்ன நாள் கிடையாது.

அறுபதுகளில் ஊரில் பள்ளிக்கூடங்கள், ஹாஸ்டல்கள் எல்லாம் பெருகின. மேசை, பெஞ்சு, கட்டில் என்று வேலை குவிந்தது. இவர் மதுரையிலிருந்து கரண்டு மெஷின்கள் இறக்கினார். மாசிலாமணிக்கு இழைப்பு மெஷின். எனக்குத் தேய்ப்பு மெஷின். உப்புத்தாள் நாடா போலச் சுற்றி ஓடும், பலகையை அதன் மேல் வைத்துப் பிடிக்க வேண்டும். கையால் ஒரு நாள் முழுக்கத் தேய்க்கிற பலகை டீ வருவதற்குள் முகம் பார்க்கிற மாதிரி வந்துவிடும். ஊரில் மெஷின் ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான். மெஷின்காரி என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? வீட்டில் உலை கொதித்ததும் அதனால்தான்.

ஆனால் தூசி. இழைப்பு மெஷினில் சுருள் சுருளாக விழும், கூட்டி அள்ளிவிடலாம். தேய்ப்பு மெஷினில் வருவது மாவு. சில்வர் ஓக், தைல மரம், எதுவானாலும் அரைத்த மாவாகப் பறந்து வந்து மூக்கில் ஏறும். குளிர் ஊர், கதவு ஜன்னலைத் திறந்துவைக்க முடியாது. முதலில் தும்மல், பிறகு இருமல். பிறகு படியேறினால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற சத்தம். மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பாட்டில் பாதி காலியாகியும் இருமல் நிற்கவில்லை.

இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பாட்டிலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்த் திருப்பிவிட்டார். “இது கேக்கல டாக்டரம்மா. வேற நல்லதாக் குடுங்க.” அந்த அம்மாவுக்கு வந்த கோபம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டதாம். “மருந்த மாத்தி என்ன ஆகப்போகுது? ஒண்ணு ஒங்க பட்டறையில தூசி போகணும், இல்ல அந்தப் பொண்ணு போகணும். நல்லா யோசிச்சுக்கங்க.” இதை மதினிதான் வந்து என்னிடம் சொன்னது. மனதுக்குப் பிடிக்காததை மாற்றுகிற மனிதர். தூசியை மாற்ற முடியாவிட்டால் என்னைத்தானே மாற்றுவார்?

தூசியை இழுக்கிற மெஷின் என்று ஒன்று இருப்பதாக மதுரைக் கடைக்காரர்தான் சொன்னார். இரும்புக் கூட்டுக்குள் ஒரு காற்றாடி. அதிலிருந்து ஒரு குழாய் வந்து தேய்ப்பு மெஷினின் வாயில் மாட்டும். தூசியை இழுத்து, தலைக்கு மேலே மாட்டியிருக்கிற துணிப் பைக்குள் தள்ளும். காற்று துணி வழியாக வெளியே போய்விடும், தூசி பையில் தங்கிவிடும். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது! அங்கே தொடங்கியது என் பாடு.

கடையில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று. சின்னதற்குக் குழாய் குறுகல், பை தலையணை உறை மாதிரி. பெரியதற்கு அகலக் குழாய், நீளப் பை. “பெருசா வாங்குங்க பாய், எல்லாத்தையும் முழுங்கிரும்” என்றாராம் கடைக்காரர். “முழுங்கும், சரி. அடக்குமா?” என்று கேட்டுவிட்டு இவர் சின்னதோடு வந்தார். என் தூசியை அது நன்றாகவே இழுத்தது. ஆனால் பொழுது ஏறுவதற்குள் பை நிறைந்துவிடும். மாசிலாமணி ஆசைப்பட்டு அவனுடைய இழைப்பு மெஷினில் அதை மாட்டினான். சுருள் போய்க் குழாயின் தொண்டையை அடைத்தது, காற்றாடி கதறியது. பொட்டலம் கட்டினார், திருப்பினார், பெரியது வந்தது.

பெரியது சுருளை முழுங்கியது. மாவை முழுங்கி, பை வழியாகத் துப்பியது. மெல்லிசுத் துணி. முன்பாவது தூசி என் தலையில் மட்டும். இப்போது பட்டறை முழுக்க, மாசிலாமணியின் சோற்றுத் தூக்கு வரை, எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டது. “ஏலே, இன்னிக்கி என்ன கொழம்புன்னே தெரியலடா, மரம்தான் மணக்குது” என்று அவன் புலம்பினான்.

பையை மட்டும் மாற்றினால் போதும் என்று கண்டுபிடித்து இவர் ஜவுளிக்கடைகளுக்குள் நுழைந்தார். அந்தக் கூத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். துணி பீஸை எடுத்து வாயோடு வைத்து அழுத்தி, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஊதுவார். காற்று கைக்கு வருகிறதா, எவ்வளவு வருகிறது? பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுப்பார். என் மெஷின் தூசி. துணியில் கொட்டி உதறுவார். தூசி அடியில் விழுந்தால் அந்தத் துணி வேண்டாம். கடைப் பையன்கள் சிரிப்பார்கள். முதலாளி எச்சில் பட்ட துணியைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும், இருமலும் வரும்.

கெட்டித் துணியில் தைத்தால் தூசி அடங்கியது, ஆனால் காற்றும் அடங்கிவிட்டது. இழுப்பே இல்லை. அப்படியானால் பையைப் பெரிதாக்க வேண்டும், துணி அதிகமானால் காற்று போக இடம் கிடைக்கும் என்று இவரே யோசித்துக் கண்டுபிடித்தார். பஜார் தையல்காரர், “இது யாருக்குண்ணே, ஆனைக்குச் சட்டையா?” என்று கேட்டார். பட்டறைக்குள் அதற்கு இடம் இல்லை. சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே எடுத்து, வராந்தாவில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டோம்.

ஐயோ, அது வேலை செய்தது! மெஷினைப் போட்டதும் பை கர்ப்பிணி மாதிரி உப்பி நின்றது. பலகையிலிருந்து தூசி எழுந்தது தெரியும், போனது தெரியாது. நான் பலகையைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சுத்தமாக இருந்தது. மூச்சு தொண்டையைத் தாண்டி உள்ளே இறங்கியது. மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஐப்பசி பிறந்தது, மேகம் இறங்கியது. எங்கள் ஊரில் மேகம் வானத்தில் இருக்காது, வீட்டுக்குள் வந்து பாயில் உட்காரும். வராந்தாவில் தொங்கிய பை ஒரே ராத்திரியில் நனைந்து, உள்ளே இருந்த மாவெல்லாம் பிசைந்த மாவாகித் துணியோடு ஒட்டிக்கொண்டது. காலையில் மெஷினைப் போட்டால் பை அசையவில்லை. போக வழியில்லாத தூசியெல்லாம் வந்த வழியே திரும்பி என் முகத்தில் அடித்தது. பையை உள்ளே கொண்டுவந்து தொங்கவிட்டுப் பார்த்தோம். உள்ளே மட்டும் ஈரம் இல்லையா என்ன? அன்றைக்கு இருமிய இருமலில் எனக்கு விலா எலும்பே விட்டுப்போச்சு.

இவர் பையைச் சுருட்டினார், மெஷினை பஸ் மேல் ஏற்றினார். மதுரைக்குப் போய்க் கடை வாசலில் மாட்டி ஓட்டிக் காட்டினால், வெயிலில் காய்ந்து மொறமொறவென்று இருந்த பை அருமையாக இழுக்கிறது! கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாராம்: “மெஷின்ல ஒரு கொறையும் இல்ல பாய். ஒங்க ஊருதான் சரியில்ல. முடிஞ்சா ஊரத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க.”

இதை எங்களிடம் சொன்னபோது மாசிலாமணி விழுந்து விழுந்து சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. அடுத்த தடவை கடைக்காரரையே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார். அந்த மனிதர் வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, கையில் எலுமிச்சம்பழத்தோடு, இரவல் ஸ்வெட்டரில் வந்து இறங்கினார். எங்கள் கெட்டநேரத்தைப் பாருங்கள், அன்றைக்கென்று ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் பல்லைக் காட்டுகிறது. பை காய்ந்து, உப்பி, கம்பீரமாக நிற்கிறது. கடைக்காரர் என் மெஷின் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நின்றார், வேட்டியில் தூசி படவில்லை. “என்ன பாய் கொறை இதுல?” என்றார். நாங்கள் எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். “ரெண்டு நாளு இருந்து பாருங்கண்ணே” என்று இவர் கெஞ்சினார். கடையை யார் பார்ப்பது? ஒரு கூடை பேரிக்காயோடு அவர் பஸ் ஏறினார். பஸ் பெருமாள்மலையைத் தாண்டியிருக்காது, மேகம் கும்மென்று இறங்கியது. ராவுத்தரண்ணன் வராந்தாவில் நின்று, ஆளைப் பார்த்துத் திட்டுவது மாதிரி மேகத்தைப் பார்த்துத் திட்டினார்.

எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு பைக்கும் நம்புவது, ஒவ்வொரு பையோடும் மறுபடி இருமுவது. வீட்டுக்காரர் படுக்கையிலிருந்தபடியே, “விட்டுரு ரோசு” என்றார். விட்டுவிட்டு? யார் சோறு போடுவது? புட்டி புட்டியாகத் தைலத்தை நெஞ்சில் தடவிக்கொண்டு போய் நின்றேன். ராவுத்தரண்ணன் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார். ஜவுளிக்கடையில் துணியைப் பார்ப்பாரே, அப்படி. நான் இருமலை அடக்கிக்கொள்வேன்.

எங்கள் ஊரில் வெயிலை நம்பித் துணி காயப்போடுகிறவர்கள் கிடையாது. கரிக் கணப்புச் சட்டியின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து மூடி, கூடை மேல் துணியைப் போடுவோம். பிள்ளைத் துணி முதல் பள்ளிக்கூட கோட்டு வரை அப்படித்தான் காயும். ஒருநாள் காலை மாசிலாமணி, எனக்கு உதவி செய்கிற நினைப்பில், அந்தப் பெரிய பையைக் கழற்றி வந்து கணப்பின் மேல் போட்டான். ஈரம் போனதும், ஒட்டியிருந்த தூசி உதிரட்டும் என்று ஒரு தட்டு தட்டினான். பிள்ளைத் துணியில் மரமாவு இருக்காது. இதில் இருந்தது. கூடைக்குள் புஸ்ஸென்று போய் நெருப்பில் விழுந்து, பொக்கென்று ஒரு தீ எழுந்தது. ஓடிப்போய்ச் சாக்கைப் போட்டு அமுக்கினோம். கூரை தப்பியது. பை போச்சு, மாசிலாமணியின் மீசையும் ஒரு புருவமும் போச்சு.

ராவுத்தரண்ணன் வந்தார். கருகின பையைப் பார்க்கவில்லை. மாசிலாமணியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கண்ணு தெரியுதாடா?” என்றார். “தெரியுதுண்ணே” என்றான். பிறகு என்னைப் பார்த்தார். நான் புகையில் இருமிக்கொண்டிருந்தேன். “நாளைக்கு வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு. கீழ போறோம்” என்றார்.

“எதுக்குண்ணே?”

“வா, சொல்றேன்.”

சொல்ல வேண்டுமா? வத்தலக்குண்டில் என் அண்ணன் இருக்கிறான். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். மாற்றுச் சேலை ஒன்றைத் துணிப் பையில் வைத்துக்கொண்டேன். பிள்ளைகளை அப்புறம் வந்து அழைத்துக்கொள்ளலாம், வீட்டுக்காரரை எப்படி இறக்குவது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே போனால், பஸ் கூரையில் தார்ப்பாயைப் போர்த்தி எதையோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தூசி மெஷின். பக்கத்தில் என் தேய்ப்பு மெஷின். சரிதான், மெஷினோடு மெஷின்காரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் இறங்க இறங்கக் காற்று சூடானது. எனக்கு இருமல் குறைந்துகொண்டே வந்தது. மலை முடிந்து சமவெளிக்கு வந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது. முன் சீட்டிலிருந்து இவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்மா, இருமலக் காணோம்?”

“நின்னுருச்சுண்ணே.”

“இப்பப் போயி நின்னா எப்படி? அந்தாளு முன்னாடி நின்னு நீ இருமணும்ல? நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறான், காதால கேக்கட்டும்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சாட்சி. வத்தலக்குண்டில் பஸ் நின்றதும் இவர் இறங்கி நேரே அண்ணன் கடைக்குப் போனார். ஏதோ சொன்னார், அண்ணன் தலையை ஆட்டினான், என் பக்கம் பார்த்தான், மறுபடியும் ஆட்டினான். ஆகட்டும், போகும்போது சாட்சி, வரும்போது இங்கே இறக்கிவிடுவார்.

மதுரைக் கடையில் அந்தப் பலகைக்குக் கீழே மெஷின்களை இறக்கினார்கள். புதுப் பை ஒன்றை மாட்டி ஓட்டினார்கள். மதுரை வெயிலில் அது இழுக்காமல் என்ன செய்யும்? “இந்தப் பொண்ணா இருமுதுன்னு சொன்னீங்க? நல்லாத்தானே இருக்கு?” என்றார் கடைக்காரர். ராவுத்தரண்ணன் என்னைப் பார்த்தார். இருமு என்று கண்ணால் கெஞ்சினார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டு வாயை இறுக மூடி நின்றேன். நான் எதற்கு இரும வேண்டும்? இருமினால் மெஷின் போகும். மெஷின் போனால் எனக்கு அங்கே என்ன வேலை? அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

மெஷினை நிறுத்தினார்கள். கடை ஆள் ஒருவன், எல்லோரும் செய்கிற மாதிரி, பையைப் படார் என்று ஒரு தட்டு தட்டினான். துணியிலிருந்து மாவு ஒரு புகையாக வெளியே வந்தது. அவ்வளவுதான். அடக்கி அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. குனிந்தேன், உட்கார்ந்தேன், கடைத் தரையில் கையை ஊன்றிக்கொண்டேன். நெஞ்சுக்குள் சத்தம் எனக்கே கேட்டது. தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள். கடைக்காரரே தண்ணீர்ச் சொம்போடு என் முன்னால் குந்தியிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“பாத்தீங்களா?” என்று ராவுத்தரண்ணன் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மப்ளரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

“ரெண்டையும் வச்சிட்டுப் போங்க பாய்” என்றார் கடைக்காரர். “பதிலுக்கு என்ன வேணும்?”

“உப்புத்தாள் குடுங்க. இனிமே கையாலயே தேய்ச்சுக்கிறோம்.”

திரும்பி வரும்போது வத்தலக்குண்டில் பஸ் நின்றது. அண்ணன் ஒரு சீப்பு மலைப்பழத்தோடு ஜன்னலுக்கு ஓடி வந்தான். நான் துணிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். ராவுத்தரண்ணன் பழங்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, காயாக இருந்ததைப் பிய்த்து ஜன்னல் வழியாகவே அண்ணனிடம் நீட்டினார். அவன் சிரித்துக்கொண்டே வேறு பழம் கொடுத்தான். விசில் அடித்தது, பஸ் புறப்பட்டது. இவர் என்னை இறங்கச் சொல்லவே இல்லை. நான் நின்றபடியே நின்றேன்.

மலை ஏறத் தொடங்கியதும் குளிர் வந்தது, இருமலும் வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“ஏண்ணே, எங்கண்ணங்கிட்ட என்ன பேசினீங்க?”

“போன வாரத் தாரு சரியில்லேன்னு சொன்னேன். வேற என்ன பேசுவேன்?”

“என்னயத் திருப்பிக் குடுக்கப் போறீங்கன்னு நெனச்சேன்.”

பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. “என்னது?” என்றார். நான் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று, பஸ் முழுவதும் கேட்கும்படி.

“என்னயத் திருப்பிக் குடுத்துருவீங்கன்னு நெனச்சேண்ணே!”

அவரும் அதே சத்தத்தில் கத்தினார். “கிறுக்கச்சி! ஒன்ன என்ன நான் காசு குடுத்தா வாங்கினேன், திருப்பிக் குடுக்குறதுக்கு? நாளைக்கு வெள்ளனே வந்துரு. பாலிஷ் போட ஆளு இல்லாம பெஞ்சு பூராக் கெடக்கு.”

கண்டக்டர் முதற்கொண்டு பஸ்ஸே சிரித்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பெருமாள்மலை வரை அழுதேன்.